மூன்று நிறக் கார்களும் பெரில் ஓல்ட்ராய்டின் முழங்காலும்

வயதான ஒரு பெண்மணியை மேட்டிலிருந்து கீழே இறக்கி, பொழுது சாய்வதற்குள் திரும்ப மேலே ஏற்றிவிட ஒரு நாட்டுக்கு எத்தனை கட்சிகள் தேவை? ஹெப்பிள்டன் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்த அந்த ஜூன் மாதத்தில் லார்க்ஹில் மேட்டில் யாரிடம் இதைக் கேட்டிருந்தாலும், என்னையும் சேர்த்து, பதில் தெரியாமல் விழித்திருப்போம். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று ஒரு வருஷம் பாடம் எடுத்தார்கள். அதில் இது வரவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயர் பெரில் ஓல்ட்ராய்ட். வயது எழுபத்தாறு. வேலை பார்த்த காலமெல்லாம் கீழே ஊருக்குள் இருந்த பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தார். ஓடுகிற பட்டைக்கு முன்னால் நின்று உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தால், உருப்படாத எதையும் எட்டத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார். வேட்பாளர்களும் அதில் அடக்கம்.

கணவர் கிளிஃப், கூரைக்குப் பலகைக்கல் வேய்கிறவர். இருவரும் கல்யாணமான வருஷமே ஒரு பொதுத்தேர்தல் வந்தது. ஒருவர் சிவப்புக் கட்சி, ஒருவர் நீலக் கட்சி. யார் எது என்று இன்றுவரை வெளியே சொன்னதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் இருவரும் கைகோத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்குவார்கள். ஒருவர் போட்ட ஓட்டை இன்னொருவர் அழித்துவிட்டு, வழியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஏறி வருவார்கள். "வீட்லயே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்பார் கிளிஃப். "மீன் கிடைச்சிருக்காதுல்ல" என்பார் பெரில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளிஃபுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் போயிற்று. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. மேட்டின் அடிவாரத்தில், மெதடிஸ்ட் தேவாலயத்தை ஒட்டியிருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அதே வருஷம், யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து, லார்க்ஹில்லுக்கு வரும் நாற்பத்தொன்றாம் எண் பஸ்ஸை நிறுத்தினார்கள். பயணிகள் குறைவாம். மீதி இருந்த பயணிகள் எப்படிப் போவார்கள் என்று கேட்டதற்கு, நடப்பது இதயத்துக்கு நல்லது என்று ஒரு துண்டறிக்கை வந்தது.

பெரிலின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. முழங்கால்தான் பிரச்சினை. இறங்கிவிடலாம். ஏற முடியாது. டாக்ஸிக்குக் கொடுத்தால் பென்ஷன் பாதி வாரத்தில் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்குப் போகிற ஒரு குடும்பம் தங்கள் காரில் ஏற்றிக்கொள்ளும்.

பெரில் ஊட்டினால் மட்டுமே கிளிஃப் வயிறாரச் சாப்பிடுவார் என்பதுதான் கஷ்டம். நர்ஸ் ஊட்டினால் இரண்டு கரண்டியோடு வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பெரில் வந்து, "வாயத் திற கிளிஃப், நடிக்காத" என்று அதட்டினால் திறக்கும். அரிசியும் பாலும் சேர்த்து அடுப்பில் சுட்ட புட்டிங் என்றால், மேலே கட்டியிருக்கும் பாலாடையோடு கிண்ணம் காலியாகும். வசந்தம் வரும்போது அவருடைய பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. ருடோ என்ற நர்ஸ் பெரிலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"பெரில், ஒளிக்காமச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வயிறாரச் சாப்பிட்டுட்டு ஒரு மனுஷன் எத்தன நாள் தாங்குவாரு? வாரத்துல இன்னும் ரெண்டு நாளாவது எப்படியாச்சும் வந்துருங்க."

"பறந்துதான் வரணும் கண்ணு" என்றார் பெரில். வீட்டுக்கு வந்து அழுதார். பிறகு தேநீர் போட்டார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் ராஜினாமா செய்தார். குடும்பத்தோடு அதிக நேரம் செலவிட விரும்புவதாக அறிக்கை விட்டார். அதைப் படித்துவிட்டுக் குடும்பம் கவலைப்பட்டதாகக் கேள்வி. தொகுதியில் அவரைக் கடைசியாக யார் பார்த்தது என்பதில் கருத்து வேற்றுமை இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது என்று பொதுவாக ஒத்துக்கொண்டார்கள்.

இடைத்தேர்தல் என்றதும் நாடே ஹெப்பிள்டனைக் கண்டுபிடித்தது. சட்டையில் சிவப்பு, நீலம், மஞ்சள் ரிப்பன் பூக் குத்தியவர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்து அரசியலில் முக்கியமான சடங்கு ஒன்று உண்டு: எதையாவது நோக்கி விரல் நீட்டிக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது. ரோட்டில் குழி இருந்தால் குழியை நோக்கி, குப்பை இருந்தால் குப்பையை நோக்கி. லார்க்ஹில்லில் பஸ் வராத பஸ் நிறுத்தம் இருந்தது. சிவப்பு வேட்பாளர் காலையில் வந்து அதை நோக்கி விரல் நீட்டினார். மத்தியானம் நீலம். மஞ்சள் வந்தபோது மழை. நிறுத்தத்தின் கூரைக்குள் ஒதுங்கி நின்றபடி நீட்டினார். அந்த நிறுத்தம் கட்டிய நாளிலிருந்து ஒரே வாரத்தில் இத்தனை பேர் அங்கே நின்றதில்லை. அவர்களையாவது பயணிகள் என்று எண்ணியிருக்கலாம்.

அப்புறம் வீடு வீடாக வந்தார்கள். பெரில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார். இதில்தான் மூன்று கட்சிகளும் ஒரே தப்பைச் செய்தன. வெளியூர் ஆட்கள், மேட்டுப் பழக்கம் தெரியாது. லார்க்ஹில்லில் கதவைத் தட்டுகிறவருக்குத் தேநீர் கொடுப்பது மூச்சு விடுவது மாதிரி. தபால்காரர், மீட்டர் பார்க்கிறவர், ஜப்தி செய்ய வந்தவர் என்ற பேதம் கிடையாது. அவர்களோ தேநீரும் பிஸ்கட்டும் கிடைத்தால் ஓட்டு உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று அலுவலகங்களிலும் பெரில் ஓல்ட்ராய்ட் நம்ம ஆள் என்று குறிக்கப்பட்டது.

நீலத்துக்காக வந்தவர் ஜெரல்ட் ஃபெதர்ஸ்டன். ஊருக்குள் பெரிய வீடு, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சிவப்புக்காக வந்தவர் லினெட் டர்ட்டன், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இருவரும் ஒரே தெருவில் இருபது வருஷமாக எதிரெதிர் வீடு. ஒருவர் வேலியை ஒருவர் குறை சொல்வதைத் தவிர வேறு பேச்சுவார்த்தை இல்லை.

"வியாழக்கிழமை ஓட்டுப் போட நடந்து போக வேணாம் மிஸஸ் ஓல்ட்ராய்ட். நானே காரோட வந்துருவேன். திரும்பவும் கொண்டுவந்து விட்டுருவேன்" என்றார் ஜெரல்ட்.

பெரிலின் கையில் தேநீர்க் கெண்டி அப்படியே நின்றது. எங்களுக்கு ஓட்டுச்சாவடி எப்போதும் கீழே மெதடிஸ்ட் தேவாலயத்துக் கூடம். கூடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் முதியோர் இல்லத்துத் தோட்டம்.

"எத்தன மணிக்குப்பா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் லினெட்டும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் மஞ்சள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷமீம் அக்தர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு எத்தன காரு?"

"மூணு."

"எனக்கும் மூணு. கசாப்புக்கடைக்குப் போயி மூணு மாசமாச்சு. என்ன பண்ணலாம்?"

"ஓட்டுப் போட்டாத்தான கூட்டிட்டுப் போவாங்க?"

"போட்டுட்டா அப்புறம் கூட்டிட்டுப் போக மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள் ஷமீம். அவள் முன்பு ஒரு தேர்தலில் சாவடி வாசலில் ஒரு கட்சிக்காக உட்கார்ந்தவள். "வாசல்ல ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு ஆளு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்கல்ல, ஓட்டுப் போட்டுட்டு வரவங்க வோட்டர் நம்பரக் கேட்டு எழுதுறதுக்கு? அத வெச்சு யாரு இன்னும் போடலன்னு பாத்து, அவங்களுக்குத்தான் காரு அனுப்புவாங்க. போடாத வரைக்கும் நம்மதான் ராணி."

பெரில் கேட்டார்: "பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க ஓட்டுப் போடத்தான போறீங்க? எப்பன்னு அவங்க கேக்கலியே."

வியாழக்கிழமை காலையில் ஜெரல்ட் வந்தார். நாய் ரோமம் படாமல் இருக்கையில் விரிப்பு போட்டிருந்தார். பெரில் புட்டிங் கிண்ணத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தேவாலய வாசலில் மூன்று நாற்காலிகள், மூன்று நிறப் பூக்கள்.

"நீங்க வண்டியிலயே இருங்க கண்ணு. நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மெதுவா வரேன்" என்றார் பெரில். பக்கவாட்டுக் கதவு வழியாகத் தோட்டத்துக்குள் போனார்.

கிளிஃப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரிலைப் பார்த்ததும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மறுபடி பெரிலைப் பார்த்தார்.

"ஞாயிறா?" என்றார் கஷ்டப்பட்டு.

"இல்ல. எலெக்‌ஷன். வாயத் திற."

கிண்ணம் காலியானதும் பெரில் வெளியே வந்தார். ஜெரல்ட் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டு, மேட்டில் கொண்டுபோய் விட்டார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்காத அளவுக்கு அவர் நாகரிகமானவர். போட்டீர்களா என்று கேட்காத அளவுக்கு அப்பாவி.

மத்தியானம் லினெட் வந்தார். வண்டிக்குள் பழைய துண்டறிக்கைகள், ஆப்பிள் தோல், ஒற்றைச் செருப்பு. கிளிஃபுக்கு மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. மஞ்சள் கட்சிக்காரர் ஒருவர் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். வழிகாட்டும் கருவியை நம்பி இரண்டு முறை கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டு வந்தார். அவரோடு போன ஷமீம் ஆட்டுக்கறியோடு திரும்பினாள். கதை மேடு முழுக்கப் பரவியது. ஒருத்தி பல் டாக்டரிடம் போனாள். ஒருத்தர் முடி வெட்டிக்கொண்டார். இன்னொருவர் ஒரு வேலையும் இல்லாமல், ஆற்றைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பத்தொன்றாம் எண் நல்ல நாளிலேயே மணிக்கு ஒன்றுதான் வரும். அன்று நின்றால் ஒரு கார், உட்கார்ந்தால் ஒரு கார்.

சாயங்காலம் நெருங்க நெருங்கக் கட்சி அலுவலகங்களில் வியர்த்தது. காலையிலிருந்து எல்லாக் கார்களும் லார்க்ஹில்லுக்கு ஓடுகின்றன. பெட்ரோல் தீர்கிறது. ஆனால் வாசலில் எழுதிய எண்களில் லார்க்ஹில் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. தொலைக்காட்சிக்காரர் ஒருவர் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, மேட்டு மக்கள் மௌனமாகத் தேர்தலைப் புறக்கணிப்பதாக நாட்டுக்கு அறிவித்தார். ஸ்டுடியோவில் ஒரு நிபுணர் இது ஆழ்ந்த கோபத்தின் வெளிப்பாடு என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் மேட்டு மக்களில் பாதிப் பேர் ஊருக்குள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஆளுங்கட்சி தன் பெரிய ஆயுதத்தை எடுத்தது. லண்டனிலிருந்து பிரசாரத்துக்கு வந்திருந்த போக்குவரத்துத் துறை இணை மந்திரியை நேரே மேட்டுக்கு அனுப்பியது. புகைப்படக்காரர் பின்னாலேயே வந்தார். பெரில் இரவுச் சாப்பாட்டுக்கான பையோடு வாசலில் நின்றிருந்தார்.

"மேடம், உங்களை நானே ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறேன். அது எனக்குப் பெருமை" என்றார் மந்திரி.

"சந்தோஷம் கண்ணு. ஆனா இங்க ஏற மாட்டேன். நீ வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாப்புல நிறுத்து. நான் வரேன்."

"எதுக்கு மேடம்? கார் இங்கேயே இருக்கே."

"ரெண்டு வருஷமா அங்க நின்னு ஒரு வண்டியில ஏறணும்னு ஆசை."

மந்திரி சிரித்தார், புகைப்படக்காரர் இருந்ததால். நிறுத்தத்தில் கார் போய் நின்றபோது அங்கே ஏற்கெனவே ஷமீமும் இன்னும் இரண்டு பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். பெரில் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். எங்கள் ஊரில் யாரும் வரிசையை மீற மாட்டார்கள், மந்திரியே கதவைத் திறந்து பிடித்திருந்தாலும். நான்கு பேரும் முறைப்படி ஏறினார்கள். இடம் பற்றாமல் மந்திரியின் உதவியாளர் இறங்கி நடந்தார். இதயத்துக்கு நல்லது.

கீழே போனதும் ஷமீமும் மற்றவர்களும் கூடத்துக்குள் போனார்கள். பெரில் போகவில்லை.

"ஓட்டுச்சாவடி இந்தப் பக்கம் மேடம்" என்றார் மந்திரி.

"தெரியும். என் வீட்டுக்காரரும் ஓட்டுப் போடணும். அவர விட்டுட்டு நான் ஒரு தடவ கூடப் போட்டதில்ல. நீ வந்து தள்ளினா சீக்கிரம் முடியும்."

இன்னொரு ஓட்டு என்றதும் மந்திரியின் கால்கள் தானாக நடந்தன. பெரில் மத்தியானமே சொல்லிவைத்தபடி கிளிஃபுக்கு ருடோ டை கட்டிவிட்டிருந்தாள். தோட்டத்து வழியாகச் சக்கர நாற்காலியை மந்திரி தள்ள, பெரில் பக்கத்தில் கிளிஃபின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கூடத்தின் வாசலில் அதிகாரி தடுத்தார்.

"ஐயா, கட்சிப் பூவோட உள்ள வரக் கூடாது. கழட்டிட்டு வாங்க."

மந்திரி பூவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். குனிந்து, கிளிஃபின் காதருகே, ரகசியமாகக் கேட்டார்: "ஐயா, நம்ம கட்சிதானே?"

கிளிஃப் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரு சொல்லைத் தேடினார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தள்ளு" என்றார்.

உள்ளே இரண்டு தட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பென்சிலால் குறியிட்டார்கள். மடித்துப் பெட்டியில் போட்டார்கள். அன்று முழுக்க மூன்று கட்சிகள் எரித்த பெட்ரோல், கல்லறைத் தோட்டத்துக்குள் போன பயணம், லண்டனிலிருந்து ஒரு மந்திரி, எல்லாவற்றுக்கும் பலனாக ஓல்ட்ராய்ட் குடும்பத்திடமிருந்து நாட்டுக்குக் கிடைத்தது, வழக்கம்போல, ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் கிளிஃப் பெரிலைப் பார்த்து, "மீன்?" என்றார்.

பெரில் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மந்திரியிடம், "மூலையில ஒரு கடை இருக்கு கண்ணு. உப்பும் வினிகரும் நெறைய போடச் சொல்லு" என்றார். மந்திரி தம் காசில் வாங்கி வந்தார். தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பெரில் மீனை உதிர்த்து உதிர்த்து ஊட்டினார். கிளிஃப் அதட்டாமலே வாயைத் திறந்தார்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். நிறத்தைச் சொல்லாமல் விடுகிறேன். மூன்று பேருமே ஒரே உரையைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். சாயங்காலத்தில் லார்க்ஹில் திரண்டு வந்து ஓட்டுப் போட்டதைப் பார்த்து, ஜெயித்தவர் மேடு தம்மை நம்புவதாகச் சொன்னார். தோற்றவர்கள் மேடு தங்களுக்கு ஒரு செய்தி சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் புது உறுப்பினர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து இன்னொரு முறை விரல் நீட்டினார். இந்த முறை முகத்தில் புன்னகை. பஸ் வரவில்லை.

கார்களும் வரவில்லை. திங்கட்கிழமை பெரில் தேர்தல் துண்டறிக்கையில் இருந்த எண்ணைப் பார்த்து ஜெரல்டுக்கு ஃபோன் செய்தார்.

"மிஸஸ் ஓல்ட்ராய்ட், தேர்தல்தான் முடிஞ்சு போச்சே?"

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு கண்ணு. அடுத்தது பொதுத்தேர்தல் வருதுல்ல? யாருக்குப் போடுறதுன்னு எனக்குக் கொழப்பமா இருக்கு. கிளிஃப் பக்கத்துல உக்காந்து யோசிச்சாத்தான் ஒரு முடிவு வரும். அங்க போறதுக்குத்தான் வழியில்ல. எதுத்த வீட்டு லினெட்டம்மாவக் கேக்கலாமான்னு பாத்தேன்."

ஃபோனில் நாட்குறிப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை நான் வரேன்" என்றார் ஜெரல்ட்.

செவ்வாய்க்கிழமை ஜெரல்டின் கார் மேட்டில் ஏறுவதை லினெட் தன் ஜன்னலிலிருந்து பார்த்தார். அன்று சாயங்காலமே பெரிலின் கதவைத் தட்டினார்.

"அந்த ஆளு எத்தன நாளு கூட்டிட்டுப் போறாரு?"

"ஒரு நாளு."

"வியாழக்கிழம எனக்கு. அதுல மாத்தமில்ல."

"தேநீர் குடிக்கிறியா கண்ணு?" என்றார் பெரில்.

அப்படியாகச் செவ்வாய் நீலம், வியாழன் சிவப்பு, ஞாயிறு கடவுள். கிளிஃபின் பெல்ட்டில் போட்ட புதுத் துளை இப்போது பயன்படுவதில்லை. பழைய துளையில்தான் கொக்கி நிற்கிறது. ஜெரல்ட், பெரில் தங்கள் பக்கம் சாய்ந்துவிட்டதாக நம்புகிறார். லினெட்டுக்கு அதில் சந்தேகமே இல்லை.

இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். முக்கியமாக, பஸ் நின்றுபோன மேடுகளில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஓட்டு நாளில் யார் கார் அனுப்பினாலும் ஏறிக்கொள்ளட்டும், ஓட்டை மட்டும் கடைசியாகப் போடட்டும். ஹெப்பிள்டனில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு பேரிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கிளிஃபுக்கு இன்னும் கொஞ்சம் உடம்பு தேற வேண்டியிருக்கிறது.